மங்கா தொடர் பிறப்பது முதல் விமர்சனம் பெறுவது வரை: முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் மங்கா என்னும் சித்திரக்கதை முதலில் இதழில் வரும் தொடர். நூலாவது அதற்குப் பிறகுதான். நம் கைக்கு எட்டும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. அதன் அசைப்பட வடிவமான அனிமேயைப் பார்க்கிறோம், பிடித்துப்போய்த் தொகுப்பு நூலைத் தேடுகிறோம், ஒரே மூச்சில் பத்துப் பாகங்களைப் படித்து முடிக்கிறோம். பிறகு "நடுவில் கதை இழுக்கிறது", "முடிவில் அவசரம்" என்று எழுதுகிறோம். அந்த இழுவையும் அவசரமும் எங்கிருந்து வந்தன என்பது, தொடர் வாராவாரம் எப்படி வரையப்பட்டது என்று தெரிந்தால்தான் விளங்கும். வார இதழ்த் தொடர்கதைகளைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

மங்காவை ஊன்றிப் படிக்க நினைப்பவர்களுக்கும், அதைப் பற்றி நாலு வரி பொறுப்போடு எழுத நினைப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நம்மவர்கள் அதிகம் படிக்கும் ஷோனென் என்னும் சிறுவர் இதழ் வகையிலிருந்து வருகின்றன.

படி 1: எந்த இதழில் வந்தது என்று பாருங்கள்

நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் மூலப் பதிப்பகத்தின் பெயரும் ஆண்டும் இருக்கும். அதை வைத்து எந்த இதழில் தொடராக வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். சிறுவர்களுக்கான ஷோனென், சிறுமியருக்கான ஷோஜோ, வளர்ந்த ஆண்களுக்கான செய்னென், பெண்களுக்கான ஜோசெய் ஆகியவை கதையின் வகைகள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை இதழ்களின் வகைகள். ஒரு கதை எந்த இதழில் இடம் பிடித்ததோ அந்த இதழின் வாசகரை மனத்தில் வைத்துத்தான் வரையப்படுகிறது.

கோதான்ஷா பதிப்பகத்தின் 'வீக்லி ஷோனென் மேகசின்', ஷோககுகானின் 'வீக்லி ஷோனென் சண்டே' ஆகிய இரண்டும் 1959 மார்ச் 17 அன்று ஒரே நாளில் கடைக்கு வந்தன. ஷூயெய்ஷாவின் 'ஷோனென் ஜம்ப்' 1968இல் தொடங்கி, அடுத்த ஆண்டு வார இதழானது. இந்த மூன்றில் கடைசியாகக் களமிறங்கிய அந்த இதழ்தான் 1994 இறுதியில் ஒரே இதழுக்கு 65.3 லட்சம் பிரதிகள் அச்சிட்டது. இதன் மறுகோடியில் நின்றது 1964இல் தொடங்கிய 'காரோ': சிறிய இதழ், ஆனால் வணிக இதழ்களில் இடம் கிடைக்காத துணிச்சலான படைப்புகளுக்கு அதுதான் வீடு.

வார இதழா, மாத இதழா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஜம்ப்' இதழில் ஓர் அத்தியாயம் வழக்கமாக 19 பக்கம். மாத இதழில் ஒரே அத்தியாயம் 40 பக்கங்களைத் தாண்டும். வாரத் தொடரில் ஒவ்வொரு 19 பக்கத்துக்கும் ஒரு கொக்கி போட்டாக வேண்டும்; மாதத் தொடரில் காட்சியை நிதானமாக விரிக்கலாம். ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' 2001 முதல் 2010 வரை மாத இதழில் வந்து 108 அத்தியாயங்களில், 27 பாகங்களில் முடிந்தது. அதன் கட்டுக்கோப்பைப் புகழும்போது, மாதத்துக்கு ஒருமுறை என்ற அவகாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: படைப்பாளி உள்ளே நுழைந்த வழி

புதியவருக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, கையெழுத்துப் பிரதியை நேரே பதிப்பகத்துக்கு எடுத்துச் சென்று இதழாசிரியர் ஒருவரிடம் காட்டுவது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிக் கருத்துச் சொல்வார். இன்னொன்று, புதுமுகங்களுக்கான போட்டி. மங்கா முன்னோடி ஒசாமு தெசுகாவின் பெயரில் ஷூயெய்ஷா 1971 முதல் நடத்தும் தெசுகா விருது இந்த வகையில் புகழ்பெற்றது.

ஹஜிமே இசயாமாவின் கதை இங்கே நினைவுகூரத்தக்கது. 'அட்டாக் ஆன் டைட்டன்' படைப்பின் முதல் வடிவம் ஒரு தனிச் சிறுகதை. 'ஜம்ப்' இதழில் அதற்கு வழி பிறக்கவில்லை. 2006இல் கோதான்ஷாவின் புதுமுகப் போட்டியில் அது பரிசுக்குரியதாகத் தேர்வானது. தொடராக வெளிவந்தது 2009 செப்டம்பரில், 'பெஸ்ஸாட்சு ஷோனென் மேகசின்' என்ற புதிய மாத இதழின் முதல் இதழில். தொடக்க அத்தியாயங்களில் உடல் விகிதங்கள் தடுமாறுகின்றன, கோடுகள் முரடாக இருக்கின்றன. ஆனால் அந்த முரட்டுக் கோடுகளில்தான் அரக்கர்களின் அருவருப்பு அத்தனை உயிரோடு வந்திருக்கிறது என்பது என் கருத்து. அழகான கோடுகள் அந்தப் பயத்தைத் தந்திருக்காது.

தொடர் கிடைப்பதற்கு முன் படைப்பாளிகள் ஒரே இதழில் முடியும் சிறுகதைகளை வரைந்து பார்ப்பார்கள். எய்ச்சிரோ ஓடா 'ஒன் பீஸ்' தொடங்கியது 1997இல்; அதற்கு முந்தைய ஆண்டே 'ரொமான்ஸ் டான்' என்ற பெயரில் இரண்டு சிறுகதைகளில் அதன் நாயகன் லூஃபியை வரைந்துவிட்டார். விமர்சனம் எழுதுபவர்கள் இத்தகைய முன்வடிவங்களைத் தேடிப் படிப்பது நல்லது. படைப்பாளி எதை விட்டுக்கொடுத்தார், எதை விடாப்பிடியாகக் காப்பாற்றினார் என்பது அங்கே வெளிப்படையாகத் தெரியும்.

படி 3: நேமு என்னும் கரட்டு வரைவு

மங்கா உருவாக்கத்தின் உயிர்நாடி எது என்று கேட்டால், தயங்காமல் நேமு என்பேன். கட்டங்களின் அமைப்பு, வசனம், பாத்திரங்களின் நிலை ஆகியவற்றைப் பென்சிலில் அவசரக் கோடுகளாகப் போட்ட வரைவுக்கு அந்தப் பெயர். முகத்துக்கு ஒரு வட்டம், பார்வையின் திசைக்கு ஒரு குறுக்குக்கோடு, பேச்சுக்குமிழுக்குள் வசனம். அவ்வளவுதான். ஆனால் கதை சொல்லும் வேலை முழுவதும் இங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது. தனக்கென நியமிக்கப்பட்ட ஆசிரியரிடம் படைப்பாளி இதைத்தான் காட்டுகிறார். "இந்தக் கட்டம் பெரிதாக வேண்டும்", "இவள் இங்கே பேசக் கூடாது, திரும்பி மட்டும் பார்க்கட்டும்" என்பது போன்ற வாக்குவாதமெல்லாம் இந்தத் தாளின் மீதுதான். ஒப்புதல் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப வரைய வேண்டும்.

ஒரு நேமுவில் கவனிக்க வேண்டிய முதல் இடம் பக்கத் திருப்பம். ஜப்பானிய நூல் வலமிருந்து இடமாகப் போகிறது. விரித்து வைத்தால் முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். இடப்பக்கத்தின் கீழ் இடது மூலையில் இருக்கும் கட்டம்தான் தாளைத் திருப்புவதற்கு முன் நம் கண் படும் கடைசி இடம். ஒரு கதவு மெல்லத் திறப்பது, ஒருவன் எதையோ கண்டு விழி விரிப்பது, பாதியில் நிற்கும் வாக்கியம் ஆகியவை அங்கே வைக்கப்படும். அவன் கண்டது என்ன என்பது திருப்பிய பிறகு வலப்பக்கத்தின் உச்சியில், பெரும்பாலும் பெரிய கட்டமாக வரும். கையில் ஏதேனும் ஒரு மங்கா இருந்தால் இப்போதே ஐந்தாறு இடப்பக்கங்களின் கடைசிக் கட்டங்களை மட்டும் பாருங்கள். படைப்பாளியின் திறம் அந்தச் சின்னஞ்சிறு சதுரங்களில் தெரியும்.

கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் படிப்பவர்களுக்கு இந்த உத்தி பாதிதான் கிடைக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் பரவும் ஓவியம் இரண்டாகப் பிளந்தும் போகிறது. ஆகவே விமர்சனம் எழுதுவதற்காகப் படிக்கும்போது இரு பக்கங்களும் சேர்ந்து தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன்.

படி 4: ஒப்புதல்

புதிய தொடருக்கு வழக்கமாக முதல் மூன்று அத்தியாயங்களின் நேமு ஆசிரியர் குழுக் கூட்டத்துக்குப் போகிறது. அங்கே படைப்பாளி இருக்க மாட்டார். அவருடைய ஆசிரியரும் மற்ற ஆசிரியர்களும் பேசி முடிவெடுப்பார்கள். ஒரு புதிய தொடர் நுழைய வேண்டுமானால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று வெளியேற வேண்டும்.

படி 5: மை, கத்தி, உதவியாளர்கள்

ஒப்புதல் பெற்ற நேமு பி4 அளவுத் தாளில் பென்சிலால் வரையப்பட்டு, பிறகு மை ஏறுகிறது. அழுத்தத்துக்கேற்பக் கோடு தடித்து மெலியும் ஜி-பேனா பாத்திரங்களுக்கு, நுண்மையான வட்டப் பேனா கண்ணிமைக்கும் பின்னணிக்கும் என்பது பொதுவான வழக்கம். கறுப்பு நிரப்ப வேண்டிய இடங்களில் படைப்பாளி சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போவார். உதவியாளர் அதைப் பார்த்து மையால் நிரப்புவார். சாம்பல் நிறச் சாயல்களுக்கு, புள்ளிகள் அச்சிட்ட ஒட்டும் தாளைக் கத்தியால் வெட்டி ஒட்டுவார்கள். இன்று இந்த வேலைகளில் பெரும்பகுதி 'கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட்' போன்ற மென்பொருள்களுக்கு மாறியிருக்கிறது. ஆனால் பேனாக்களின் பெயர்களும் புள்ளிச் சாயல்களும் திரைக்குள்ளும் அப்படியே தொடர்கின்றன.

கட்டடங்கள், கூட்டம், மரங்கள், வேகக்கோடுகள் ஆகியவை பெரும்பாலும் உதவியாளர்களின் கைவண்ணம். அவர்களுக்கான ஊதியத்தைக் கொடுப்பவர் படைப்பாளியே. பதிப்பகம் அவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று தருகிறது. அதிலிருந்து உதவியாளர் சம்பளமும் வேலைக்கூட வாடகையும் போக மிஞ்சுவது மிகக் குறைவு. சிலருக்கு மிஞ்சுவதே இல்லை. தொகுப்பு நூல் விற்று, விலையில் பத்து விழுக்காடு அளவிலான உரிமைத் தொகை வந்தால்தான் மூச்சுவிட முடியும்.

வாரம் 19 பக்கம் என்பது உடலைத் தின்னும் வேலை. 1998இல் 'ஹண்டர் x ஹண்டர்' தொடங்கிய யோஷிஹிரோ தொகாஷி, முதுகுவலியால் நாற்காலியில் உட்காரக்கூட இயலாதிருந்த நிலையை வெளிப்படையாகச் சொன்னவர். அந்தத் தொடர் வாராந்தர முறையிலிருந்து விலகுவதாக 2022 இறுதியில் இதழே அறிவித்தது. தொடர் நின்று நின்று வரும் இடைவெளிகளைக் கேலி செய்யும் விமர்சனங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த இடைவெளி ஒரு மனிதரின் முதுகெலும்பு.

படி 6: முதல் விமர்சகர் வாசகரே

'ஜம்ப்' இதழோடு ஓர் அஞ்சலட்டை வரும். இந்த இதழில் உங்களுக்கு மிகவும் பிடித்த மூன்று தொடர்கள் எவை என்று அது கேட்கிறது. இப்போது இணையத்திலும் வாக்களிக்கலாம். வந்து குவியும் விடைகளை ஆசிரியர் குழு வாராவாரம் எண்ணுகிறது. முகப்பு வண்ணப் பக்கம் யாருக்கு, இதழின் பின்பகுதிக்கு யார் தள்ளப்படுகிறார், எந்தத் தொடர் நிற்கிறது என்பனவற்றில் இந்த எண்ணிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. ஏறக்குறைய இருபது அத்தியாயங்களுக்குள் மூட்டை கட்டும் தொடர்கள் ஆண்டுதோறும் உண்டு. அத்தகைய தொடரின் கடைசி இரண்டு அத்தியாயங்களைப் பார்த்தால், சொல்லாமல் விட்ட கதையெல்லாம் ஒரே அறைக்குள் நெருக்கியடித்து நிற்கும். அதைப் படைப்பாளியின் கட்டுப்பாடின்மை என்று எழுதுவது நியாயமன்று.

வாக்குகள் கதையையே திசைமாற்றியதும் உண்டு. அகிரா தொரியாமாவின் 'டிராகன் பால்' 1984இல் தொடங்கியபோது அது நகைச்சுவை கலந்த தேடல் பயணம். வாசகர் ஆதரவு எதிர்பார்த்த அளவில் இல்லை. அவருடைய ஆசிரியர் கசுஹிகோ தொரிஷிமாவும் அவரும் பயிற்சியையும் மற்போர்ப் போட்டியையும் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொடர் உச்சத்துக்குப் போனது. 'யு-கி-ஓ!' தொடரிலும் இதுவே நடந்தது: பல விளையாட்டுகளுள் ஒன்றாக வந்துபோன சீட்டாட்டத்துக்கு வாசகர்கள் தந்த வரவேற்பால் அதுவே தொடரின் முதுகெலும்பாகிவிட்டது.

இந்த முறையைப் பற்றி எனக்கு இரு மனம். வாசகரை மதிக்கிறது என்பது உண்மை. மெல்லச் சூடுபிடிக்கும் படைப்பை அது பொறுப்பதில்லை என்பதும் உண்மை. ஒரு ஷோனென் தொடரின் முதல் இரண்டு பாகங்கள் கூச்சலும் பரபரப்புமாக இருந்தால், அது தன் உயிருக்காக வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த காலம் என்று நினைத்துப் படியுங்கள்.

படி 7: நூலாகும்போது நடக்கும் மாற்றங்கள்

வாரத் தொடரில் ஒன்பது பத்து அத்தியாயங்கள் சேர்ந்து ஏறக்குறைய 190 பக்கமுள்ள ஒரு பாகமாகின்றன. அப்போது திருத்தம் நடக்கும். 'ஹண்டர் x ஹண்டர்' இதழில் கரட்டுக் கோடுகளாகவே அச்சான சில அத்தியாயங்கள் நூலில் முழுமையாக மறுவரைவு பெற்றன. 'அட்டாக் ஆன் டைட்டன்' 2021 ஏப்ரலில் 139ஆம் அத்தியாயத்தோடு இதழில் முடிந்தது. அதன் முடிவைப் பற்றி வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து வாதிட்டார்கள். ஜூனில் வந்த 34ஆம் பாகத்தில் கூடுதல் பக்கங்கள் சேர்ந்தன. ஏப்ரலில் எழுதிய விமர்சனமும் ஜூலையில் எழுதிய விமர்சனமும் ஒரே முடிவைப் பற்றியவை அல்ல. ஆகவே எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி சேருங்கள்.

படி 8: விருதுகளைப் பிரித்துப் பாருங்கள்

"விருது பெற்ற மங்கா" என்ற அடைமொழி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. கொடுத்தது யார் என்பதே முக்கியம்.

கோதான்ஷாவும் ஷோககுகானும் தரும் விருதுகள் பதிப்பகங்களின் விருதுகள். தங்கள் வெளியீடுகளையே கொண்டாடுவதாகக் குற்றச்சாட்டு உண்டு. ஆனால் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' ஷோககுகான் விருது பெற்றதையும் மறக்கக் கூடாது. 2008 முதல் தரப்படும் மங்கா தைஷோ வேறு மாதிரி. புத்தகக் கடை ஊழியர்கள் உள்ளிட்ட ஆர்வலர்கள் தேர்ந்தெடுப்பது; எட்டுப் பாகங்களுக்கு மேல் போன தொடர் போட்டியில் இல்லை. இப்போது படிக்கத் தொடங்கலாம் என்று நண்பரிடம் நீட்டக்கூடிய படைப்புகளை அது தேடுகிறது. புதிய வாசகருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்தப் பட்டியலைத்தான். தகராஜிமாஷா ஆண்டுதோறும் வெளியிடும் 'கோனோ மங்கா கா சுகோய்!' வழிகாட்டியும் இதே பணியைச் செய்கிறது. 'அட்டாக் ஆன் டைட்டன்' அதன் 2011 பதிப்பில், ஆண் வாசகர் பிரிவில் முதலிடம் பெற்றது. அனிமே வந்தது 2013இல்தான் என்பதைக் கவனியுங்கள். உலகம் கேள்விப்படுவதற்கு முன்பே ஜப்பானிய விமர்சன வட்டம் அதைக் கண்டுகொண்டுவிட்டது.

அசாஹி நாளிதழ் 1997இல் நிறுவிய ஒசாமு தெசுகா பண்பாட்டு விருது விமர்சகர்களின் மதிப்பீட்டுக்கு நெருக்கமானது. முதல் பெருவிருது ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவின் 'டோரேமான்' படைப்புக்குப் போனது. 2021ஆம் ஆண்டின் முடிவு ஊன்றிப் பார்க்க வேண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பான் முழுவதையும் ஆட்கொண்ட கொயோஹாரு கொதோகேயின் 'டீமன் ஸ்லேயர்' சிறப்பு விருது பெற்றது. பெருவிருது கசுமி யமாஷிதாவின் 'லேண்ட்' தொடருக்கு. மக்களிடையே ஏற்பட்ட தாக்கத்தையும் படைப்பின் கலைத் தகுதியையும் ஒரே தராசில் நிறுக்காமல் இரண்டையும் தனித்தனியே மதித்த முடிவு அது.

ஜப்பானுக்கு வெளியே, பிரான்சின் அங்குலேம் சித்திரக்கதை விழா 2007இல் ஷிகேரு மிசுகியின் 'நோன்நோன்பா' படைப்பைச் சிறந்த நூலாகத் தேர்ந்தெடுத்தது. 2015இல் கட்சுஹிரோ ஓட்டோமோவுக்கும் 2019இல் ருமிகோ தகஹாஷிக்கும் தன் பெருவிருதைத் தந்தது. வெளிநாட்டு விமர்சனம் ஜப்பானில் அவ்வளவாகப் பேசப்படாத கேள்விகளையும் எழுப்புகிறது. 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரின் பிற்பகுதியில் கைப்பட்டை அணிந்து, அடைக்கப்பட்ட பகுதியில் வாழும் மக்கள் வருகிறார்கள். யூதர்கள் அனுபவித்த கொடுமையின் உருவகத்தை அந்தக் கதை கையாண்ட விதத்தைப் பற்றி ஆங்கில இதழ்களில் கடும் விவாதம் நடந்தது. அந்த வாதத்தை ஏற்காவிட்டாலும் படித்துவிட்டு எழுதுங்கள்.

படி 9: உங்கள் விமர்சனத்தை எழுதுவது

மங்கா விமர்சனம் பெரும்பாலும் கதைச் சுருக்கமாகவே நின்றுவிடுகிறது. கோடு, கட்டம், பக்கம் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. இதற்கு மருந்து ஃபுசனோசுகே நட்சுமேயிடம் இருக்கிறது. நாவலாசிரியர் நட்சுமே சோசெகியின் பேரனான இவர் தாமே ஓவியரும்கூட. தெசுகாவின் ஓவியங்களைத் தன் கையால் பார்த்து வரைந்து, கோடு எங்கே விரைகிறது, எங்கே தயங்குகிறது என்று ஆராய்ந்தவர். ஜப்பானிய மங்கா விமர்சனம் கருத்தை மட்டும் பேசுவதிலிருந்து வடிவத்தைப் பேசுவதற்கு நகர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

நீங்களும் செய்யலாம். உங்களை உலுக்கிய ஒரு காட்சியின் இரு பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெற்றுத்தாளில் கட்டங்களின் எல்லைகளை மட்டும் வரையுங்கள். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை. பிறகு பேச்சுக்குமிழ்கள் இருக்கும் இடங்களை வட்டமிட்டு, கண் போகும் பாதையைக் கோடாக இணைத்துவிடுங்கள். எந்தக் கட்டத்துக்கு எல்லைக்கோடே இல்லை, எங்கே பின்னணி முழு வெண்மையாகிறது, பேச்சு எந்த இடத்தில் அடங்குகிறது என்று குறியுங்கள். 'ஸ்லாம் டங்க்' என்னும் கூடைப்பந்துத் தொடரில் வரும் கடைசி ஆட்டத்தின் இறுதி நொடிகளில் தகேஹிகோ இனோவே வசனத்தை அறவே நீக்கிவிட்டு உடல்களை மட்டும் ஓடவிடுகிறார். அந்தப் பக்கங்களை இப்படிப் பிரித்துப் பார்த்தவர் "விறுவிறுப்பாக இருந்தது" என்று எழுதி நிறுத்த மாட்டார்.

பிறகு எழுதும்போது, தொடரின் கால நெருக்கடி எதற்குக் காரணம், படைப்பாளியின் தேர்வு எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்லுங்கள். நெருக்கடியைச் சுட்டிக்காட்டுவது குறைகளுக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. பெண் பாத்திரங்களை அலங்காரமாக வைத்திருப்பது போன்றவற்றுக்கு எந்தக் கெடுவையும் சாக்காகச் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பில் படித்தால் மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் குறிப்பிடுங்கள். நீங்கள் ரசித்த வசனத்தின் நடை அவருடையது.

கடைசியாக ஒரு பயிற்சி. ஷூயெய்ஷா 2019 ஜனவரியில் தொடங்கிய 'மங்கா பிளஸ்' சேவையில் 'ஜம்ப்' தொடர்கள் ஜப்பானில் வெளியாகும் அதே நேரத்தில் ஆங்கிலத்தில் வருகின்றன. புதிதாகத் தொடங்கும் ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டி எதுவும் படிக்காமல், வாராவாரம் அத்தியாயம் வந்தவுடன் படித்து மூன்று வரிக் குறிப்பு எழுதி வையுங்கள். ஜப்பானில் திங்கள் நள்ளிரவு பிறக்கும்போது நமக்கு ஞாயிறு இரவு எட்டரை மணி. பத்தாவது வாரத்தில், அந்தத் தொடர் நிலைக்குமா என்பதற்கான உங்கள் கணிப்பையும் காரணத்தையும் எழுதுங்கள். முதல் பாகம் நூலாக வந்ததும் அதே அத்தியாயங்களை ஒரே அமர்வில் படித்து, இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விமர்சனத்தைத் தொடங்குங்கள்.